அம்மா சொல்ல மறுத்த மூன்றாவது வசனம்

1

உயிர்த்த ஞாயிறு கழிந்து நான்காவது வெள்ளிக்கிழமை இன்று. சில வருடங்களுக்கு முன்புவரை டென்மார்க்கில் இது விடுமுறை நாள். பெரிய பிரார்த்தனை நாள் என்று பெயர். யாரும் பெரிதாகப் பிரார்த்தித்ததை நான் கண்டதில்லை. டெனிஷ்காரர் முதல்நாள் மாலை ஏலக்காய் போட்ட கோதுமைப் பணிஸைச் சூடாக்கி, வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள். நாங்கள் மறுநாள் விபோர்க்கில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்ப் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிடுவோம்.

பிறகு அரசாங்கம் அந்த விடுமுறையை எடுத்துவிட்டது. நாடு பாதுகாப்புக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும், அதற்காக எல்லோரும் வருடத்தில் ஒரு நாள் கூட வேலை செய்ய வேண்டும் என்றார்கள். ஊர்வலம் நடந்தது. கையெழுத்து வேட்டை நடந்தது. நாள் போனது போனதுதான். பணிஸ் மட்டும் இன்னும் கடையில் கிடைக்கிறது.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆயுதம் வாங்குவதற்காக ஒரு நாடு தன் சனத்திடம் ஒரு வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கியதாம். எங்களிடம் எதையாவது யாராவது கேட்டா வாங்கினார்கள்?

சென்ற வருடம் இதே வெள்ளிக்கிழமை காலையில்தான் அம்மாவின் வேலை நிலைக்குமா இல்லையா என்று முடிவு செய்யும் கூட்டம் நடந்தது. இது வேலைநாளாகிவிட்டதால் அன்றைக்கே வைக்க முடிந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுத ஒரு வருடம் எடுத்திருக்கிறேன்.

2

முதலில் ஆட்களையும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கோல்டிங்கிலிருந்து காரில் அரை மணித்தியாலம் போனால் வரும் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. அதற்குக் கிட்ட விமானத்தளம். அமெரிக்காவிடம் வாங்கிய புதிய போர் விமானங்கள் அங்கேதான் நிற்கின்றன. அப்பா ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர்தான் முதலில் இங்கே வந்தார். சமாதானக் காலத்தில் பாதை திறந்தபோது நானும் அம்மாவும் வன்னியிலிருந்து வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. தங்கை துளசி இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்வாள். நான் டெனிஷில் கேட்டால் கைத்தொலைபேசியைப் பார்ப்பாள்.

நான் கோல்டிங்கில் தனியாக இருக்கிறேன். ஒலி அளவீடு என் தொழில். தெரு, ரயில், காற்றாலை, விமானம், எது எந்த வீட்டுக்குள் எவ்வளவு சத்தத்தைக் கொண்டுவரும் என்று கணித்து வரைபடத்தில் கோடு போடுவோம். கோட்டுக்கு உள்ளே இருக்கும் வீட்டுக்காரருக்கு நட்டஈடு உண்டு, புது யன்னல் உண்டு. கோட்டுக்கு வெளியே இருப்பவருக்குச் சத்தம் மட்டும் உண்டு. அந்தக் கோடு முழு வருடத்தின் சராசரியை வைத்துப் போடப்படுவது. ஒரு விமானம் ஒருநாள் காலையில் தலைக்கு மேலாகப் போன அந்த இரண்டு நொடியை அதில் தேடினால் கிடைக்காது. கணக்குப் பிழையில்லை. அந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் பெயர் ரஞ்சினி. எங்கள் வீடு இருக்கும் அந்தச் சிறிய ஊரிலேயே ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளராக இருந்தார். பிள்ளைகள் 'ரஞ்சி' என்பார்கள். அம்மா டெனிஷ் படித்தது வகுப்பில் இருந்தல்ல, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடமிருந்து. அதனால் அவரிடம் இருப்பது பிள்ளைகளோடு கதைக்கும் டெனிஷ் மட்டும்தான். கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, அதிகாரி வந்தாலும் 'வாங்கோ, முதல் கையைக் கழுவுவம்' என்கிற தொனியில்தான் பேச்சு ஆரம்பிக்கும். யாரும் அதைப் பிழையாக எடுத்ததில்லை. அந்த முற்றத்தில் அழுகிற பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்று ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இந்த நாட்டில் அம்மா தனக்கென்று தேடிக்கொண்டது அந்த முற்றம் ஒன்றுதான்.

3

ஏப்ரலில் ஒருநாள் மாலை அம்மா தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, இண்டைக்கு ஒரு பிழை விட்டிட்டன்."

"என்னம்மா?"

"பிள்ளையளைப் படுக்க வைச்சிட்டன்."

"மத்தியானம் அவை படுக்கிறது தானே?"

"உது இல்லையடி. பிளேனுக்கு."

பிறகு விபரம் வந்தது. காலை வெயில் நன்றாக இருந்ததால் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அம்மாவோடு நின்ற மற்ற உதவியாளர் ஒரு பிள்ளைக்கு உடுப்பு மாற்ற உள்ளே போயிருந்தார். இரண்டு விமானங்கள் வழமையைவிடப் பதிவாகத் தாழ்ந்து, கூரைக்கு மேலால் வந்தன.

"விழுந்து படுங்கோ!" என்று அம்மா தமிழில் கத்தியிருக்கிறார்.

பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ரஞ்சி கத்தி அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கிட்ட நின்றவர்களை அம்மா கையால் அமர்த்தினார். மற்றவர்கள் பார்த்துவிட்டுத் தாங்களாகவே மண்ணில் விழுந்தார்கள். எமில் என்ற நாலு வயதுப் பையன் சறுக்கியின் மேலே நின்றிருக்கிறான். அவனை இழுத்து இறக்கித் தனக்குக் கீழே போட்டுக்கொண்டார்.

சத்தம் போய்விட்டது. பிள்ளைகள் எழும்பப் பார்த்தார்கள். அம்மா விடவில்லை. சத்தம் போன பிறகும் ஏன் விடவில்லை என்பதுதான் பிறகு எல்லோரும் திருப்பித் திருப்பிக் கேட்ட கேள்வி. எங்கள் ஆட்கள் யாரும் இதைக் கேட்கமாட்டார்கள். முதல் சுற்று பார்ப்பதற்கு; இரண்டாவது சுற்றுத்தான் குண்டு போடுவதற்கு. போன விமானம் திரும்பி வந்து போகும்வரை தலை தூக்கக்கூடாது. அன்றைக்கு அவை திரும்பியும் வந்தன, தளத்தில் இறங்குவதற்காக. அவை போன பிறகுதான் அம்மா பிள்ளைகளை எழும்ப விட்டார்.

பாடசாலைத் தலைவி கிர்ஸ்டன் வாசலில் வந்து நின்று, "ரஞ்சி, இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். "முடிஞ்சுது, இனி விளையாடலாம்" என்று அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே குரலில் டெனிஷில் பதில் சொல்லியிருக்கிறார்.

"உடுப்பெல்லாம் ஒரே மண் பிள்ளை," என்றார் தொலைபேசியில். "தாய்தேப்பன் என்ன நினைப்பினமோ தெரியேல்லை."

அன்றைக்கு அம்மாவுக்கு இருந்த ஒரே கவலை அந்த மண்தான்.

4

வன்னியில் எங்கள் வகுப்புக்குப் பக்கத்தில் 'ட' வடிவில் வெட்டிய ஒரு பதுங்குகுழி, பங்கர், இருந்தது. ரீச்சர் எங்களுக்குக் கூட்டல் கழித்தலுக்கு முதல் சொல்லித் தந்தவை நான்கு: குப்புறப் படு. நெஞ்சை நிலத்தில் முட்டவிடாமல் முழங்கையில் தாங்கு. காதைப் பொத்து. வாயைத் திற. பல வருடங்களுக்குப் பிறகு இங்கே பல்கலைக்கழகத்தில் அமுக்க அலையைப் பற்றி ஒரு விரிவுரை நடந்தது. செவிப்பறையின் இரண்டு பக்கமும் அமுக்கம் சமமாக வேண்டும் என்று பேராசிரியர் கரும்பலகையில் சமன்பாடு எழுதினார். வாயைத் திறந்தால் போதும் என்று எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். கையை உயர்த்திச் சொல்ல நினைத்தேன். எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

அம்மாவின் காலத்து ஆட்களுக்கு விமானங்கள் பெயர் சொல்லித் தெரியும். சியாமாச்செட்டி இத்தாலியிலிருந்து வந்தது. புக்காரா ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்தது. கிபிர் இஸ்ரேலிலிருந்து வந்தது. சீனாவில் வாங்கியதும் உண்டு, பழைய சோவியத் நாடுகளில் வாங்கியதும் உண்டு. எதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, எது வந்தால் பங்கருக்கு ஓடலாம், எது வந்தால் நின்ற இடத்திலேயே விழவேண்டும் என்று சத்தத்தை வைத்தே சொல்வார்கள். இங்கே ஒருமுறை தொலைக்காட்சியில் ஆர்ஜென்டீனாவைப் பற்றி ஒரு பயண நிகழ்ச்சி போனது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாடும் புட்போலும் எண்டு சொல்லுகினம்," என்றார். "எங்களுக்கு அது ரெண்டு விசிறி வைச்ச பிளேன்."

இலங்கையும் சிறிய நாடுதான். தானாக ஒரு விமானமும் செய்யத் தெரியாது; விற்பவன் எவனிடமும் வாங்கும். வாங்குவது சரியா, விலை கூடவா, அந்தக் காசுக்கு ஆஸ்பத்திரி கட்டலாமா என்று எங்களை வைத்துக்கொண்டு யாரும் விவாதம் நடத்தியதாக எனக்கு நினைவில்லை. பாராளுமன்றத்தில் கையை உயர்த்தினார்கள். என்ன வாங்கியிருக்கிறார்கள் என்பது எங்கள் கூரைக்கு மேலே வந்தபோது தெரிந்தது.

டென்மார்க்கில் எல்லாவற்றையும் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தை நான் மதிக்கிறேன். அதற்குள் அம்மா எப்படி அகப்பட்டார் என்பதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

5

எமிலின் அப்பா மிக்கெல் அந்த விமானத்தளத்தில் மெக்கானிக். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் எமில் அவரிடம் கேட்டிருக்கிறான்: "அப்பா, நீங்கள் திருத்துகிற பிளேனுக்கா நாங்கள் ஒளிக்க வேணும்?"

மிக்கெல் முறைப்பாடு எழுதினார். கிர்ஸ்டன் எங்களுக்கு அதை வாசித்துக் காட்டினார். கோபமான கடிதமில்லை. தன் மகன் இப்போது விமானச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போகிறான், தன் வேலையுடுப்பைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறான் என்று எழுதியிருந்தார். அந்த மனிதரை என்னால் வெறுக்க முடியவில்லை. வெறுக்க முடிந்திருந்தால் இந்த வருடம் எனக்குக் கொஞ்சம் சுலபமாகப் போயிருக்கும்.

பிறகு அந்தக் கதை ஊரின் முகநூல் குழுவுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே பல மாதமாக விமானங்கள் வாங்கியதைப் பற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. வாங்கியது சரி என்ற கட்சி ஒன்று: ரஷ்யா பக்கத்தில் நிற்கிறது, எங்களிடம் இருந்ததையும் உக்ரேனுக்குக் கொடுத்துவிட்டோம், வெறுங்கையோடு இருக்கவா? வாங்கியது பிழை என்ற கட்சி மற்றது: விற்றவனே இன்றைக்கு எங்கள் கிரீன்லாந்தைக் கேட்கிறான், உதிரிப்பாகமும் மென்பொருளும் அவன் கையில் இருக்கிறது, நாளைக்கு அவன் மறுத்தால் இது பறக்குமா? இரண்டிலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒரு உதாரணம் தேவைப்பட்டது. அம்மா கிடைத்தார்.

முதல் கட்சி எழுதியது: தன்னுடைய நாட்டுப் போரை எங்கள் பிள்ளைகளின் மணலுக்குள் கொண்டுவந்திருக்கிறாள். இரண்டாவது கட்சி எழுதியது: பாருங்கள், இந்தப் பாவப்பட்ட பெண்ணுக்கு அந்த விமானங்கள் என்ன செய்திருக்கின்றன.

இரண்டாவது கட்சியைச் சேர்ந்த ஒரு பெண், பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய், ஒரு சனிக்கிழமை கேக்கோடு வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். விமானக் கொள்வனவுக்கு எதிராக ஊர் மண்டபத்தில் கூட்டம் வைக்கிறார்களாம். ரஞ்சி வந்து பேசினால் எல்லோரும் கேட்பார்களாம்.

"இவ என்னவாம்?" என்று அம்மா என்னிடம் கேட்டார். அந்தப் பெண் பேசியது பெரிய ஆட்களின் டெனிஷ்.

"உந்த விமானங்களை வாங்கினது பிழை எண்டு மேடையில ஏறிச் சொல்லட்டாம்."

"நான் எப்ப பிழை எண்டு சொன்னனான்? ரஷ்யாக்காரன் கிட்ட நிக்கிறான். வாங்காமல் என்ன செய்யிறது? வாங்கட்டும்."

"அப்ப இவவுக்கு என்ன சொல்ல?"

"கேக் நல்ல ருசி எண்டு சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் மகிழ்ந்து செய்முறை எழுதித் தந்துவிட்டுப் போனார்.

6

கூட்டத்துக்கு முன்னர் கிர்ஸ்டன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் நல்ல மனுசி. அம்மாவை இழக்க அவருக்கு விருப்பமில்லை. பெற்றோரைச் சமாதானப்படுத்த ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். அம்மா முதலில் கூட்டத்திலும், பிறகு காலை வட்டத்தில் பிள்ளைகள் எல்லோரையும் இருத்தி வைத்தும், மூன்று வசனம் சொல்லவேண்டும்.

இவை எங்கள் விமானங்கள். இவை எங்களைப் பாதுகாக்கின்றன. இவற்றுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

"இவ்வளவுதான்," என்றார் கிர்ஸ்டன். "ரஞ்சி வாயால் வந்தால் பிள்ளைகள் நம்புவார்கள்."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். துளசிக்கு அந்தக் கிழமை உயர்தரப் பள்ளியில் இதே தலைப்பில் விவாதம். கொள்வனவுக்கு ஆதரவான பக்கத்தை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, ஒரு சின்ன நாடு ஏன் தானே செய்யாமல் வாங்குது? நல்ல மூன்று காரணம் சொல்லு," என்றாள் டெனிஷில்.

"செய்யிற செலவு வாங்கிற செலவை விடக் கூட. கூட்டாளி நாடுகளும் அதையே வைச்சிருந்தால் சேர்ந்து பறக்கலாம். விற்கிறவன் எங்களைக் கைவிடமாட்டான் எண்ட நம்பிக்கை."

"மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பார்கள்."

"அதுதான். அதை எதிர்ப்பக்கம் சொல்ல விடு."

அப்பா சோற்றைப் பிசைந்தபடி அம்மாவைப் பார்த்தார். "இஞ்சேரப்பா, ஒரு வசனம் தானே. சொல்லிப்போட்டு வாருமன். சொன்னால் வாய் என்ன வெந்து போகுமோ?"

"மூண்டு," என்றார் அம்மா.

"சரி, மூண்டு."

"முதல் ரெண்டையும் நான் சொல்லுவன். உது எங்கட பிளேன் தான். நானும் வரி கட்டுறன். மற்றது, அது காக்கிறது எண்டால் காக்கட்டும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. மூண்டாவதுதான் வாய்க்குள்ள வருகுதில்லை."

"மோர், அவை உங்களுக்கு ஒன்றும் செய்யாது," என்றாள் துளசி. மோர் என்றால் டெனிஷில் அம்மா. "அவை எங்கட விமானங்கள்."

"ஆரோ ஒராளின்ர விமானம்தான் எல்லா விமானமும்," என்றார் அம்மா. "கிபிரும் ஆருக்கோ 'எங்கட பிளேன்' தான். அவையின்ர பிள்ளையளும் கை தட்டினவைதான்."

துளசிக்கு இது விளங்கியதா தெரியாது. தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். போகும்போது, "இந்த வீட்டில் எதைக் கதைத்தாலும் அங்கேதான் போய் முடியும்," என்றாள். அதையும் டெனிஷில்.

சாப்பிட்டு முடிந்த பிறகு நான் அம்மாவை இருத்தி உச்சரிப்புப் பழக்கினேன். முதலாவது சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டார்.

"அம்மா, வேலை போனால் இந்த வயதில இன்னொண்டு எடுக்கிறது கஷ்டம். தெரியும் தானே?"

"தெரியும்."

"பிள்ளையளை விட்டிட்டு இருப்பியளோ?"

அம்மா தேத்தண்ணி போட எழும்பினார்.

7

கூட்ட அறையில் மேசை நடுவில் மெழுகுதிரி எரிந்தது. சூடான பணிஸ் வைத்திருந்தார்கள். முதல்நாள் சாப்பிட வேண்டியது, மிஞ்சியிருக்க வேண்டும். கிர்ஸ்டன், கொம்யூனின் பணியாளர் பிரிவிலிருந்து வந்த ஒரு பெண், தொழிற்சங்கப் பிரதிநிதி, அம்மா, துணைக்கு நான். இந்த நாட்டில் யாரையும் வேலையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் அவருக்குத் துணையாக ஒருவரைக் கூட்டிவரச் சொல்வார்கள். பிறகு அந்தத் துணைக்கும் கோப்பி ஊற்றுவார்கள்.

கிர்ஸ்டன் அம்மாவின் கையைப் பிடித்து, எத்தனை பிள்ளைகளை அம்மா வளர்த்துவிட்டார் என்று சொன்னார். கண் கலங்கினார். பணியாளர் பிரிவுப் பெண் மடிக்கணினியைத் திறந்தார். "ரஞ்சினி, நீங்கள் சொல்ல விரும்புவதை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்," என்றார். சொந்த வார்த்தை எது என்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

அம்மா முதலாவது வசனத்தைச் சொன்னார். இரண்டாவதைச் சொன்னார். உச்சரிப்பு ஒரு பிழையில்லை. கிர்ஸ்டன் தலையாட்டிக்கொண்டிருந்தார், பாட்டுப் பாடும் பிள்ளைக்குத் தலையாட்டுவதுபோல.

பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இனி நான் தமிழில சொல்லுறன். வடிவா மாத்திச் சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"அம்மா..."

"சொல்லு. பயப்பிட ஒண்டுமில்லை எண்டு மட்டும் நான் பிள்ளையளுக்குச் சொல்லமாட்டன். அது ஆரையும் பயப்பிடுத்தவெண்டே செய்த சாமான். ஒருத்தரும் பயப்பிடாத சாமானுக்கு ஏன் இவ்வளவு காசைக் குடுக்கிறியள்? வாங்கினதை வாங்கினதெண்டு சொல்லுங்கோ. விளையாட்டுச் சாமான் எண்டு சொல்லாதேங்கோ. அண்டைக்குப் பிள்ளையளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் படுக்க வைச்சது என்ர பிழை. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். இதுக்குக் கேக்கமாட்டன்."

எனக்கு டெனிஷ் நன்றாகத் தெரியும். இதே கருத்தை ஒருவருக்கும் நோகாமல், 'அம்மாவுக்கு இன்னும் கொஞ்சக் காலம் தேவைப்படுகிறது' என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அறையில் இருந்த எல்லோரும் அதைக் கேட்கத் தயாராக இருந்தார்கள். அம்மாவுக்கும் தெரிந்திருக்காது, அது பெரிய ஆட்களின் டெனிஷ். வேலையும் நிலைத்திருக்கும்.

அம்மா சொன்னதைச் சொன்னபடி சொன்னேன்.

தொழிற்சங்கப் பிரதிநிதி கோப்பிக் குவளையைப் பார்த்தார். பணியாளர் பிரிவுப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தி, 'சாமான்' என்பதற்கு நான் சொன்ன சொல்லை மீண்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"ஆனால் ரஞ்சி," என்றார் கிர்ஸ்டன் மெதுவாக, "அவர்களுக்கு நாலு வயது."

இதற்கு அம்மா என்னை எதிர்பார்க்கவில்லை. என்னைக் கையால் காட்டி, பிள்ளைகளோடு கதைக்கும் தன் டெனிஷில் தானே பதில் சொன்னார்: "இவளுக்கும் நாலு வயசுதான் இருந்தது."

முடிவு ஏற்கெனவே தயாராக இருந்தது. பிள்ளைகளோடு அம்மாவை விடமுடியாது. ஆனால் இவ்வளவு காலம் வேலை செய்தவர் என்பதால் உடுப்புத் தோய்க்கும் வேலை தரலாம். தோய்க்கும் அறை நிலத்துக்குக் கீழே, அங்கே சத்தமும் கேட்காது.

"அங்கயிருந்து பிள்ளையளைக் காணலாமோ?" என்று அம்மா கேட்டார்.

யன்னல் இல்லை என்றார்கள்.

அம்மா சிரித்துவிட்டார். என்னிடம் தமிழில் சொன்னார்: "பார் பிள்ளை, முழுச்சனத்தையும் மேல விட்டிட்டு என்னை மட்டும் பங்கருக்குள்ள இருத்தப் பாக்கினம்."

ஏன் சிரிக்கிறார் என்று அவர்கள் கேட்டார்கள். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மா தோய்க்கும் வேலையை வேண்டாம் என்றார். விலகல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். கிர்ஸ்டன் மிஞ்சிய பணிஸைக் கடதாசியில் சுற்றி எங்களிடம் தந்தார். வாங்கிக்கொண்டோம். இந்த நாட்டில் வாங்காமல் வருவது மரியாதையில்லை.

8

அந்த நாளுக்குப் பிறகு நாடு இன்னும் நிறைய வாங்க முடிவு செய்திருக்கிறது. வான் பாதுகாப்புக்கு ஏவுகணை வாங்கப் போகிறார்கள். இம்முறை ஐரோப்பாவிடம் வாங்குவதால் விவாதத்தில் இருபக்கமும் கொஞ்சம் இடம் மாறியிருக்கின்றன. ஊர் முகநூல் குழு வேறு உதாரணங்களுக்குப் போய்விட்டது. துளசி தன் விவாதத்தில் வென்றாள். 'ஒருத்தரும் பயப்படாத சாமானுக்கு யார் காசு கொடுப்பார்கள்' என்று தன் பக்கத்துக்காகச் சொன்னாளாம். யார் சொன்னது என்று ஆசிரியர் கேட்டதற்கு, எங்கேயோ வாசித்தது என்றிருக்கிறாள்.

அம்மா இப்போது மாலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போகிறார். ஆட்கள் போன பிறகுதான் வேலை. "நல்ல இடம், கதிரை மேசை ஒண்டும் அழாது," என்று சொல்லிக்கொள்வார். கடையில் எமிலைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போவார். பிள்ளையைக் குழப்பக்கூடாதாம். விமானம் போனால் இன்னமும் நின்ற இடத்திலேயே நின்று, அது திரும்பி வந்து போகும்வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். அந்தப் பாடசாலையின் தெரு எங்கள் வரைபடத்துக் கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. நான் திரும்பவும் கணித்துப் பார்த்தேன். சரியாகத்தான் போட்டிருக்கிறோம்.

இன்று வேலை முடிந்து கோல்டிங்கிலிருந்து நேரே அம்மா வீட்டுக்கு வந்தேன். அம்மா துப்புரவு வேலைக்குப் போக முன்னம், மேசையில் என் மடிக்கணினிக்காகக் காத்திருந்தார். கொம்யூனின் வேலை விளம்பரம் ஒன்றை யாரோ சிநேகிதி அனுப்பியிருக்கிறார்.

"உது நான் நிண்ட இடம் தானே?"

"ஓம். உங்களுக்குப் பிறகு வந்தவ விட்டிட்டுப் போட்டாவாம்."

"என்ன ஆள் வேணுமாம்?"

வாசித்தேன். மனம் தளராதவர். சத்தத்துக்கும் அவசரத்துக்கும் நடுவே அமைதியாக நிற்கக்கூடியவர். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு உணர்வைக் கொடுக்கக்கூடியவர்.

"அப்ப காது கேளாத ஆளைத்தான் தேடுகினம்," என்றார் அம்மா. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு, "எழுது. நான் போடுறன்," என்றார்.

அப்பா சோபாவிலிருந்து எழும்பி வந்தார். "உமக்கு வெக்கமில்லையோப்பா? கழுத்தில பிடிச்சுத் தள்ளின இடம்."

"ஏன் வெக்கம்? நான் என்ன களவெடுத்தனானோ?"

"எடுக்கமாட்டினம்."

"எடுக்காட்டி எடுக்காமல் விடட்டும். அது அவையின்ர வேலை. போடுறது என்ர வேலை."

பெயர், முகவரி, மொழி எல்லாம் நிரப்பினேன். அனுபவம் என்ற பெட்டி வந்தது. அங்கே வேலை செய்ததை எழுதி முடித்து, இதுபோதுமா என்று பார்த்தேன்.

"இன்னும் போடு," என்றார் அம்மா. "போர் விமானம் வந்தால் பிள்ளையளை என்ன செய்யவேணும் எண்டு தெரியும். உங்கட பிள்ளையளுக்கு ஒருதரம் செய்திருக்கிறன். ஒரு பிள்ளைக்கும் காயமில்லை."

"அம்மா, உதை வாசிச்சால் முதல் ஆளாக் கழிப்பினம்."

"கூட்டாதை, குறைக்காதை எண்டு உனக்கு எத்தினை தரம் சொல்லுறது?"

அப்பா தேத்தண்ணி வைக்கப் போனார். நான் அம்மா சொன்னபடி டெனிஷில் தட்டச்சு செய்து கடைசி வரியாகச் சேர்த்தேன்: ஒரு பிள்ளைக்கும் காயமில்லை. அனுப்பும் பொத்தானில் விரல் வைத்தபோது அம்மா என் கையைப் பிடித்தார்.

"ஏன் அதைக் கீழ போட்டிருக்கிறாய்? அதை மேல ஏத்து. பிள்ளையளைப் பெத்தவை முதல் அதைத்தான் தேடுவினம்."

மேலே ஏற்றினேன்.